அத்தியாயம் 7: டொராண்டோ தெருவில், கூட்டத்தில் ஒருவராக

டொராண்டோ நடுநகரில் சில காலைகளில் நியூயார்க்கின் மஞ்சள் டாக்சிகள் வரிசையாக நிற்கும். நேற்றுவரை இல்லாத நீல நிற அமெரிக்கத் தபால் பெட்டி நடைபாதையில் முளைத்திருக்கும். அங்கே படப்பிடிப்பு நடக்கிறது. நியூயார்க்கில் நடக்கும் கதையான 'சூட்ஸ்' தொடரில் பெரும்பகுதி இந்த ஊரில்தான் எடுக்கப்பட்டது. 2002இல் வந்த 'சிகாகோ' படமும் அப்படியே. அந்தக் காட்சிகளில் குடை பிடித்துப் போகிறவர், பேருந்துக்கு நிற்கிறவர், காபிக் கோப்பையுடன் சாலையைக் கடக்கிறவர் எல்லோரும் சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள். நம் ஊரில் துணை நடிகர் என்போம், ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் என்போம். இங்கே ஒரே சொல்: பேக்ரவுண்ட்.

டொராண்டோவிலோ சுற்றுவட்டாரத்திலோ படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ இருக்கும் நீங்கள், மாதத்தில் ஓரிரு நாள் இந்த வேலைக்குப் போக விரும்பினால் இந்த அத்தியாயம் உதவும். ஸ்டுடியோவுக்குள் நடக்கும் வேலை சுலபம். ஹீட்டர் இருக்கும், நாற்காலி இருக்கும். வெளிப்புறப் படப்பிடிப்புதான் ஆளைச் சோதிக்கும். அங்கே கேமரா முன்னால் நடப்பது பத்து நிமிடம் என்றால் காத்திருப்பது பத்து மணி நேரம். அந்தக் காத்திருப்புக்குத்தான் சம்பளம். கீழே வரும் யோசனைகளில் பாதிக்கு மேல் அதற்கான தயாரிப்பு.

வேலை அனுமதி: இதை முடிக்காமல் அடுத்த பகுதிக்குப் போகாதீர்கள்

சுற்றுலா விசாவில் வந்தவர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாவை, "சும்மா நடந்து காட்டினா போதும், வாங்க" என்று ஆசையாகக் கூட்டிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அடுத்த முறை விசா கேட்கும்போது அது அவர்கள் காலைச் சுற்றும்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது மணிக் கணக்கு. 2024 நவம்பர் 8 முதல், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணி நேரம் வரை வேலை செய்யலாம். படப்பிடிப்பு நாள் 12 மணி நேரம் போவது சாதாரணம். 14 ஆவதும் உண்டு. ஆகவே இரண்டு நாள் போனால் வரம்பு முட்டிவிடும், இரண்டாம் நாள் கொஞ்சம் இழுத்தாலே மீறிவிடும். "நேரம் ஆகிவிட்டது, கிளம்புகிறேன்" என்று பாதியில் எழுந்துவரவும் முடியாது. காலையில் எடுத்த காட்சியில் உங்கள் முகம் இருக்கிறது. மாலையிலும் அது இருந்தாக வேண்டும். ஏற்கெனவே கடையில் பகுதி நேர வேலை இருந்தால் அந்த மணிகளும் இதில் சேரும். என் பரிந்துரை, வகுப்புக் காலத்தில் வாரத்துக்கு ஒரே நாள். கல்லூரி அறிவித்த நீண்ட விடுமுறையில், தகுதி உள்ள மாணவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. அப்போது தாராளமாகப் போங்கள்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை:

1. உங்கள் படிப்பு அனுமதிச் சீட்டை எடுத்து, வளாகத்துக்கு வெளியே வேலை செய்யலாம் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, சரிசெய்த பிறகே மேலே போங்கள்.
2. சின் எண், அதாவது சமூகக் காப்பீட்டு எண், வாங்குங்கள். தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களின் எண் 9இல் தொடங்கும். அதற்கு முடிவுத் தேதியும் உண்டு. அனுமதியைப் புதுப்பித்ததும் இதையும் புதுப்பிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.
3. உங்கள் பெயரிலேயே ஒரு வங்கிக் கணக்கு. நண்பன் கணக்கில் சம்பளம் வாங்குவது பின்னால் வரிக் கணக்கில் சிக்கலாகும்.

ஏஜென்சியில் பதிவதும் ஏமாறாமல் இருப்பதும்

பேக்ரவுண்ட் ஆட்களை அனுப்புவதற்கென்றே ஏஜென்சிகள் இருக்கின்றன. உங்கள் படத்தையும் அளவுகளையும் வைத்துக்கொண்டு, தயாரிப்பாளர் தரப்பு கேட்கும்போது அனுப்புவார்கள். நீங்கள் சம்பாதிப்பதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு என்பதைச் சேரும் முன் எழுத்தில் கேளுங்கள். வேலை வருவதற்கு முன்பே பணம் கேட்கும் இடத்துக்கு நான் போக மாட்டேன், யாரையும் அனுப்பவும் மாட்டேன். "எங்கள் போட்டோகிராபரிடம்தான் படம் எடுக்க வேண்டும், 300 டாலர்" என்றால் அவர்கள் செய்வது போட்டோ வியாபாரம்.

இன்னொரு மோசடி இதைவிடக் கொடியது. எனக்குத் தெரிந்த ஒரு மாணவி அதில் விழுந்தார். இணையத்தில் விளம்பரம் பார்த்து எழுதினார்; உடனே தேர்வாகிவிட்டதாகப் பதில் வந்தது. முன்பணமாக ஒரு காசோலையும் வந்தது, பேசிய சம்பளத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக. "உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மேக்கப் கலைஞருக்கு அனுப்பிவிடுங்கள்" என்றார்கள். கணக்கில் பணம் ஏறியிருந்ததால் நம்பி அனுப்பினார். சில நாள் கழித்துக் காசோலை திரும்பிவிட்டது. அனுப்பிய பணம் அவருடைய சொந்தப் பணம், ஒரு மாத வாடகை. கணக்கில் தொகை தெரிவதாலேயே காசோலை தேறிவிட்டது என்று ஆகாது. வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பச் சொல்லும் எந்த வேலையும் வேலை இல்லை.

*குறிப்பு:* சின் எண், பாஸ்போர்ட் நகல், வங்கி விவரம் மூன்றையும் வேலை உறுதியான பிறகே கொடுங்கள். பதிவுப் படிவத்திலேயே கேட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

படமும் அளவுகளும்

ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம். வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே, வெறும் சுவர் முன்னால் நில்லுங்கள். மார்பளவு ஒன்று, தலை முதல் கால்வரை ஒன்று. ஃபில்டர் வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்களோ அப்படியே இருக்க வேண்டும். தாடி எடுத்தால், முடி வெட்டினால், புதுப் படம் அனுப்புங்கள். தாடிக்காரர் என்று கூப்பிட்டு மழித்த முகத்தோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உயரம் அடி அங்குலத்தில், கழுத்து, மார்பு, இடுப்பு, காலின் உள்ளளவு, வட அமெரிக்கக் கணக்கில் ஷூ அளவு. இவற்றை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். ஒல்லியாகக் காட்டிக்கொள்ள ஓர் அங்குலம் குறைத்து எழுதினால் அந்த இறுக்கமான போலீஸ் சீருடைக்குள் பன்னிரண்டு மணி நேரம் நீங்கள்தான் மூச்சுவிட வேண்டும். கார் இருந்தால் அதன் வகை, ஆண்டு, நிறம் எழுதுங்கள். காரோடு வருகிறவருக்குத் தனித் தொகை உண்டு. நீச்சல், சைக்கிள், பரதம், மிருதங்கம் எதுவானாலும் உண்மையாகத் தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

தெற்காசியர் என்று கூப்பிடும்போது டாக்சி ஓட்டுநர், மருத்துவர், சந்தைக் கூட்டம் என்று குறிப்பிட்ட சில வேடங்களே திரும்பத் திரும்ப வரும். காட்சி எதைப் பற்றியது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மனம் ஒப்பாவிட்டால் ஒத்துக்கொள்ளும்போதே மறுத்துவிடுங்கள். படப்பிடிப்பு இடத்துக்குப் போன பிறகு மறுத்தால் எல்லோருக்கும் சங்கடம். தாலி, மோதிரம், தலைப்பாகை, பொட்டு விஷயத்திலும் இதேதான். கழற்ற மாட்டேன் என்றால் முன்கூட்டியே சொன்னால் போதும். தாலியை உடைக்குள் மறைத்துக்கொள்ள ஆடைப் பிரிவினரே வழி செய்வார்கள்.

முந்தின நாள் இரவு

அழைப்பு விவரம் பெரும்பாலும் முந்தின நாள் மாலையில்தான் வரும், சில நாள் இரவு பத்து மணிக்குக்கூட. அதுவரை நேரம் தெரியாது. வந்ததும் இதைச் செய்யுங்கள்:

1. கால் டைம் பாருங்கள். அது பெயர் பதிய வேண்டிய நேரம். அதற்கு 15 நிமிடம் முன்னால் அங்கே இருக்க வேண்டும்.
2. எந்த வண்டியில் போவது என்று உடனே தேடுங்கள். கால் டைம் காலை 5.30 என்றால் சப்வே உதவாது. வார நாட்களில் அது ஆறு மணியளவில்தான் தொடங்கும், ஞாயிறு எட்டு மணியளவில். இரவு முழுக்க ஓடும் புளூ நைட் பேருந்துகள் எந்தத் தெருவில் போகின்றன என்று பார்த்துவையுங்கள். திரும்பும் வழியையும் இப்போதே பாருங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு முடிந்தாலும் சப்வே இருக்காது.
3. முகவரிக்குப் போனதும் விளக்குக் கம்பங்களில் அம்புக்குறியோடு பளிச்சென்ற அட்டை கட்டியிருக்கும். அதில் படத்தின் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு சங்கேதச் சொல் இருக்கும். அந்தச் சொல் உங்கள் மின்னஞ்சலில் இருக்கும், குறித்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இரண்டு படப்பிடிப்பு நடப்பதுண்டு.
4. அங்கே உங்களைக் கவனிக்கும் நபரின் தொலைபேசி எண்ணைத் தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும்.
5. அறைத்தோழர் ஒருவரிடம் எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.

உடை: வெளியே காட்சிக்கு, உள்ளே உயிருக்கு

உங்கள் உடையிலேயே மூன்று செட் கொண்டுவரச் சொல்வார்கள். கம்பெனிப் பெயரோ சின்னமோ தெரியக் கூடாது. தூய வெள்ளை, பளீர்ச் சிவப்பு, நெருக்கமான கோடுகள் மூன்றையும் தவிருங்கள். கேமராவில் கண்ணை இழுக்கும். சாம்பல், கருநீலம், பழுப்பு, கரும்பச்சை எப்போதும் செல்லும். இஸ்திரி போட்டு, ஹேங்கரோடு உறையில் கொண்டுபோங்கள். பையில் சுருட்டி எடுத்துப்போனால் முதல் பார்வையிலேயே மதிப்பு குறையும்.

வெளிப்புற வேலையில் பெரிய சிக்கல், கதையின் பருவமும் ஊரின் பருவமும் ஒத்துப்போவதில்லை. நவம்பர் குளிரில் கோடைக் காட்சி எடுப்பார்கள். ஜூலை வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு நடக்கச் சொல்வார்கள். என் முதல் வெளிப்புற வேலை ஒரு மார்ச் மாதம். காட்சியில் வசந்தகாலம், மெல்லிய சட்டைதான் உடை. குளிருக்கு அடக்கமாக உள்ளே பருத்தி பனியன் இரண்டு போட்டுக்கொண்டு போனேன். நடந்து நடந்து வியர்த்தது. பனியன் நனைந்தது. நின்றதும் அந்த ஈரமே உடம்பில் ஐஸ் கட்டியாய் ஒட்டிக்கொண்டது. மதியத்துக்குள் பல் கிட்டிப்போய்ப் பேச முடியவில்லை.

அன்று கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. உடம்பை ஒட்டிய அடுக்கு பருத்தியாக இருக்கக் கூடாது. மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல், கழுத்து இறக்கமாக இருப்பது. சட்டைப் பட்டன் திறந்திருந்தாலும் வெளியே தெரியாது.
2. கோட்டு சூட்டு வேடம் என்றால் சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவே மெல்லிய கையில்லாத பஃப்பர் ஒன்று. உங்களை ஒரு சுற்றுப் பெரிதாகக் காட்டும், ஆகவே ஆடைப் பிரிவில் காட்டி அனுமதி வாங்குங்கள்.
3. திருமணக் காட்சிக்குச் சேலை கட்டச் சொன்னால், உள்பாவாடைக்கு அடியில் கம்பளி லெக்கிங், தோல் நிறத் தெர்மல், கணுக்கால்வரை கம்பளிக் காலுறை. செருப்பு கேமராவில் விழாத தூரத்தில் நிறுத்தியிருந்தால் ஷூ போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் விடுவார்கள்.
4. ஷூவுக்குள் கம்பளி அட்டை. குளிர் தரையிலிருந்துதான் முதலில் ஏறும்.
5. கைச்சூட்டுப் பொட்டலங்கள் நாலைந்து. துணிக்கு மேல் வையுங்கள், நேரே தோலில் வைத்தால் சுட்டுவிடும்.
6. எல்லாவற்றுக்கும் மேல் முழங்கால்வரை வரும் உங்கள் சொந்தக் குளிர்கோட்டு. ஒத்திகை முடிகிறவரை அதைக் கழற்றாதீர்கள். படம் பிடிக்கும் நேரத்தில் மட்டும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கட் சொன்னதும் முதல் வேலை அதைப் போடுவது.

கோடையில் கதை வேறு. சன்ஸ்கிரீன் பூசுங்கள், முகத்துக்குப் போடும் முன் மேக்கப் பிரிவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. காலையில் இருந்த நிறமும் மாலையில் வெயில் பட்டுச் சிவந்த நிறமும் ஒட்டாமல் போனால் காட்சியே கெடும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடியுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அனுமதிச் சீட்டு, சின் விவரம், அடையாள அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை, அன்றாட மருந்துகள், பவர் பேங்க், புத்தகம், பேனா, பிளாஸ்க்கில் வெந்நீர் அல்லது ரசம். ரசத்தை நான் மனதாரச் சொல்கிறேன். விடியற்காலை நான்கு மணிக் குளிரில் அதற்கு நிகரில்லை. சைவம் என்றால் இரண்டு வேளைக்கு ஏதாவது எடுத்துப்போங்கள். வழக்கமாக ஆறு மணி நேரத்துக்குள் சாப்பாடு வந்துவிடும், ஆனால் பேக்ரவுண்ட் வரிசை படக்குழுவினர் வாங்கிய பிறகுதான், அதற்குள் சைவப் பாத்திரம் காலியாகியிருக்கலாம். நகை, லேப்டாப், கட்டுப் பணம் எதையும் கொண்டுபோகாதீர்கள்.

அன்றைய நாள் நகரும் வரிசை

1. பெயர் பதிவு. போனதும் வவுச்சர் என்ற தாள் தருவார்கள். பெயர், சின் எண், வந்த நேரம். இதுதான் உங்கள் சம்பளச் சீட்டு. நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதுங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதாதீர்கள்.
2. ஹோல்டிங். காத்திருக்கும் கூடம் அல்லது கூடாரம். தேவாலய அடித்தளமாகக்கூட இருக்கும். உங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளை இங்கே ராங்லர் என்பார்கள். கழிப்பறைக்குப் போனாலும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
3. ஆடை, முடி, மேக்கப். மூன்று செட்டில் ஒன்றைத் தேர்வார்கள். அதன் பிறகு உடையோடு காபி குடிக்கும்போது மேலே துண்டு.
4. இடத்துக்கு அழைப்பு. துணை இயக்குநர்களில் ஒருவர் வந்து எங்கே நிற்பது, எப்போது நடப்பது என்று காட்டுவார்.
5. ஒத்திகை, பிறகு படம்பிடிப்பு. ஒரே காட்சி பத்துப் பதினைந்து முறை.
6. மீண்டும் ஹோல்டிங். இது ஒரு மணி நேரமாகவும் இருக்கும், ஐந்து மணி நேரமாகவும் இருக்கும். தூங்கலாம். சத்தமாக போன் பேசக் கூடாது.
7. சாப்பாடு, மறுபடி காட்சி, ராப். ராப் என்றால் முடிந்தது. அதை ராங்லர் உங்களிடம் சொன்னால்தான் முடிந்தது. ஒலிபெருக்கியில் நடிகருக்குச் சொன்ன ராப் உங்களுக்கு இல்லை.

கேமரா முன்னால்

காதில் விழும் வரிசை இதுதான்: "ரோலிங்" என்றால் கேமரா ஓடுகிறது, அசையாதீர்கள். "பேக்ரவுண்ட்" என்றால் நீங்கள் தொடங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நடிகர்களுக்கு "ஆக்‌ஷன்". "கட்" கேட்கும்வரை நிறுத்தாதீர்கள். கால் இடறினாலும் சாதாரண ஆள் இடறியதைப் போலவே தொடருங்கள். "பேக் டு ஒன்" என்றால் தொடங்கிய இடத்துக்குத் திரும்புவது.

அந்தத் தொடக்க இடத்தை நினைவில் வைப்பதில்தான் புதியவர்கள் தவறுவார்கள். நிறுத்தியதும் குனிந்து பாருங்கள். நடைபாதை விரிசல், சாக்கடை மூடி, கடைப் படிக்கட்டு என்று நகராத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பனித்திட்டையோ நிறுத்தியிருக்கும் வண்டியையோ அடையாளமாக வைக்காதீர்கள். அடுத்து, எந்தக் காலை முதலில் எடுத்தீர்கள், கோப்பை எந்தக் கையில், பை எந்தத் தோளில், நடிகர் எந்த இடத்தில் வரும்போது அவரைத் தாண்டினீர்கள்? நான்கையும் முதல் முறையே மனதில் சொல்லிக்கொள்ளுங்கள். "வலது கால், இடது கை, வலது தோள், கம்பத்தருகில்." பதினைந்தாவது முறையும் அதேதான். முதல் டேக்கில் வலக் கையில் இருந்த கோப்பை நாலாவதில் இடக் கைக்கு மாறினால், எடிட்டிங் மேசையில் அந்த ஒரு கோப்பைக்காக நல்ல நடிப்பு ஒன்று குப்பைக்குப் போகும்.

பேசுகிற காட்சி என்றால் வாய் மட்டும் அசைய வேண்டும், குரல் வரக் கூடாது. கிசுகிசுப்பும் மைக்கில் விழும். எதிரில் இருப்பவரிடம் ஒன்று இரண்டு மூன்று என்று உதட்டால் எண்ணினால் இருவரும் கிளிகள்போல் தெரிவீர்கள். நிஜமாகவே ஏதாவது சொல்லுங்கள், சத்தமில்லாமல். "அம்மா இன்னிக்கு மீன் குழம்பு வெச்சிருப்பாங்க" என்று நான் சொல்வேன். முகம் தானாக உயிர் பெறும்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: லென்ஸைப் பார்ப்பது, முன்னால் வந்து தெரிய வேண்டும் என்று இடம் மாறுவது, சொல்லாததை நடிப்பது, டக்டக் என்ற ஷூவோடு நடப்பது (அடியில் ஃபெல்ட் ஒட்டித் தருவார்கள், கேளுங்கள்), நடிகரிடம் போய் செல்ஃபி கேட்பது. படமோ வீடியோவோ எடுக்கவே கூடாது. காலையில் நீங்கள் கையெழுத்திட்ட தாள்களில் அது இருக்கும். அன்று இரவு அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு படம் குடும்பக் குழுவில் சுற்றி வெளியே போனால், உங்களை அனுப்பிய ஏஜென்சி பிறகு உங்களைக் கூப்பிடாது.

பாதுகாப்பு: வெட்கப்படாமல் கேளுங்கள்

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. புது நாடு, பெரிய படக்குழு, எல்லோரும் அவசரமாக ஓடுகிறார்கள், நாம் போய்க் கேள்வி கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்வோம். இந்த ஓரிடத்தில் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2014 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ரயில் பாலத்தின் மேல் கட்டிலைப் போட்டுக் காட்சி எடுத்தார்கள். தண்டவாளத்தில் படமெடுக்க ரயில் நிறுவனம் அனுமதி தரவில்லை. குழுவில் இருந்த பலருக்கு அது தெரியாது. ரயில் வந்தது. கேமரா உதவியாளராக இருந்த 27 வயதுப் பெண் இறந்தார். இயக்குநர் பிறகு குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 1982இல் கலிபோர்னியாவில், அதிகாலைப் படப்பிடிப்பு ஒன்றில் ஹெலிகாப்டர் விழுந்து ஒரு நடிகரும் இரண்டு குழந்தைகளும் இறந்தார்கள். அந்தக் குழந்தைகள் சட்டத்துக்குப் புறம்பாக, யாருக்கும் தெரியாமல் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். தாள் இல்லாமல், கையில் ரொக்கம் தருகிறேன் என்று யாராவது கூப்பிட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் இல்லாத ஆளின் உயிரும் கணக்கில் இருக்காது.

ஒன்டாரியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டம் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. அந்த உரிமையை இப்படிப் பயன்படுத்துங்கள்:

1. அருகில் இருக்கும் துணை இயக்குநரிடமோ ராங்லரிடமோ உடனே, தெளிவாக, காரணத்தோடு சொல்லுங்கள். "தரை உறைந்திருக்கிறது, ஓடினால் விழுவேன்" என்றால் போதும்.
2. பாதுகாப்பான இடத்தில் அருகிலேயே நில்லுங்கள். வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.
3. அவர்கள் பார்த்துச் சரிசெய்வார்கள். பத்தில் ஒன்பது முறை உப்புத் தூவி, அல்லது உங்கள் பாதையை மாற்றி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.
4. சரியாகவில்லை, ஆபத்து இன்னும் இருக்கிறது என்றால் மறுபடியும் மறுத்து, மாகாணத் தொழில் அமைச்சகத்துக்குச் சொல்லலாம்.

குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில. இரவுக் காட்சிகளில் தெரு பளபளக்க வேண்டும் என்று தார்ச்சாலையைத் தண்ணீரால் நனைப்பார்கள். குளிர்காலத்தில் அது அரை மணியில் கண்ணாடிபோல் உறையும். ஓடும் காட்சிக்கு முன் ஒருமுறை நடந்து பாருங்கள். செயற்கைப் புகை விடுவார்கள். ஆஸ்துமா இருந்தால் ஒத்துக்கொள்ளும்போதே சொல்லுங்கள், இன்ஹேலரை உடையின் பாக்கெட்டிலேயே வையுங்கள். மின்னி மின்னி எரியும் விளக்கு வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. துப்பாக்கி பொம்மையாகவே தெரிந்தாலும் ஆயுதப் பொறுப்பாளர் நேரில் கையில் கொடுக்காமல் தொடாதீர்கள். கார் வரும் காட்சியில் ஓட்டுநரின் கண்ணை ஒருமுறை பார்த்து, அவர் உங்களைப் பார்த்தார் என்று உறுதி செய்த பிறகே குறுக்கே நடங்கள்.

குளிரைப் பற்றி ஒரு எண் நினைவில் இருக்கட்டும். காற்றோடு சேர்த்து உணரும் குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையத் தொடங்கலாம். மூக்கு நுனி, காது மடல், விரல் நுனி மரத்துப்போய், வெளிறியோ சாம்பலாகவோ மாறினால் காட்சியைப் பற்றி யோசிக்காதீர்கள். மருத்துவ உதவியாளர் இருப்பார், அவரிடம் போங்கள். தேய்க்கக் கூடாது, கைச்சூட்டுப் பொட்டலத்தை மரத்த தோலில் வைக்கவும் கூடாது, சுடுவதே தெரியாமல் வெந்துவிடும். அக்குளில் விரலை வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

அடிபட்டால், சிறியதானாலும், அன்றே சொல்லிப் பதிவு செய்யுங்கள். சர்வதேச மாணவர்களுக்கு மாகாணத்தின் ஓஹிப் காப்பீடு பொதுவாகக் கிடையாது. பல்கலைக்கழகக் காப்பீட்டு அட்டை பையில் இருக்கச் சொன்னது அதனால்தான்.

முடிந்த பிறகு

1. வாங்கிய உடை, கைக்கடிகாரம், குடை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வவுச்சரை வாங்குங்கள்.
2. முடிந்த நேரம், சாப்பாட்டு நேரம் சரியா என்று பார்த்த பிறகே கையெழுத்து. ஒருமுறை எனக்கு இரண்டு மணி நேரம் குறைத்து எழுதியிருந்தார்கள். களைப்பில் பார்க்காமல் கையெழுத்திட்டேன், அந்தப் பணம் வரவே இல்லை.
3. உங்கள் நகலை வாங்குங்கள். தரவில்லை என்றால் தாளை மட்டும் போனில் படம் எடுக்கக் கேளுங்கள்.

சங்கத்தில் இல்லாதவர்களுக்குச் சம்பளம் மாகாணக் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே இருக்கும். ஒன்டாரியோவில் அது 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 211 டாலர் சொச்சம்; அதில் ஏஜென்சி பங்கும் பிடித்தங்களும் போகும். கைக்கு வரச் சில வாரம் ஆகும். இந்த மாத வாடகையை இதை நம்பி வைக்காதீர்கள். நடிகர் சங்கமான ஆக்ட்ராவின் விகிதம் இதைவிட நல்லது. அந்த வழி நீளமானது, 11ஆம் அத்தியாயத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். ஆண்டு முடிவில் வருமானச் சீட்டு வரும். வவுச்சர் நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து வரிக் கணக்கில் சேருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கால் வைக்கும் முன் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, வந்த நேரம், முடிந்த நேரம், அந்த வாரத்தின் மொத்த மணி. கடை வேலையையும் அதில் கூட்டுங்கள். முகம் பொருந்தி, நேரத்துக்கு வந்து, சொன்னபடி நடந்தவர்களை அதே வாரம் மறுபடி கூப்பிடுவார்கள். மறுநாள் மாலையே மின்னஞ்சல் வந்துவிடும். பதில் எழுதும் முன் அந்த நோட்டைத் திறந்து மொத்தத்தைப் பாருங்கள்.